ஒன்பதாம் குழு

அளவெட்டி
10 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணை,

வீட்டில் அம்மாவும் ஐயாவும் சுகம். நான் கோபமாக இருக்கிறேன். யார்மேல் கோபம் என்று தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நேற்றுப் பின்னேரம் நிலையத்துக் கம்ப்யூட்டர் மெஷின் படுத்துவிட்டது. ஐந்து மணித்தியாலம் ஓடிய வேலை நாலில் மூன்று பங்கு முடிந்திருந்த நேரம், திரையில் 'ஸ்வாப் இடம் இல்லை' என்று ஒரே ஒரு வரி வந்தது. பிறகு எல்லாம் கறுப்பு. நீங்கள் இங்கே வேலை செய்த காலத்தில் அந்த வரியை நான் கண்டதே இல்லை.

என்ன வேலை என்று சொல்கிறேன். போன மாதம் கரையோரம் ஷெல் அடித்தபோது காங்கேசன்துறைப் பக்கத்துச் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு உள்ளூருக்குள் ஓடியது தெரியும்தானே. முப்பத்தொரு பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் இருக்கிறார்கள். தாய் ஒரு பள்ளிக்கூடம், பிள்ளை இன்னொரு கோயில். யார் எங்கே இருக்கிறார், யாரை யார் தேடுகிறார் என்று ஒன்பதாயிரத்து நானூறு தாள்களை நாலு பெண்கள் மூன்று கிழமையாகத் தட்டி உள்ளே போட்டிருக்கிறார்கள். அதைப் பெயர் வரிசைப்படி அடுக்கி, தேடுபவரையும் தேடப்படுபவரையும் பொருத்தி, அச்சடித்து எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டும். செப்ரெம்பர் எட்டாம் திகதி பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அதற்கு முன் சனத்தை அங்கிருந்து எழுப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு யார் எங்கே போனார் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பணிப்பாளர் தில்லைநாதன் சேர் பக்கத்தில் நின்று, "உந்த ஸ்வாப் எண்டது என்ன பிள்ளை?" என்று கேட்டார். "மெமரி போதாட்டி, ஓடிக்கொண்டிருக்கிற வேலையைத் தூக்கி டிஸ்க்கிலை ஒரு பக்கமாய் வைக்கிற இடம் சேர். அந்த இடமும் நிறைஞ்சால் மெஷின் மூச்சடைச்சுப் போகும்" என்றேன். "அதுக்குத்தானே உன்ரை அண்ணை தடுப்புப் போட்டவர்?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் நீங்கள் எழுதி ஒட்டிய ஸ்வாப் பங்கு அட்டவணை அப்படியே இருக்கிறது. பரீட்சைப் பகுதி 2000 பிளாக். விரிவுரையாளர் 1500. மாணவர் 3500. ஒப்பரேற்றர் 500. ஒன்பதாம் குழு, உங்கள் நிலத்தடி நீர்க் கணக்கு 'கிணறு', 500. கூட்டினால் எட்டாயிரம், டிஸ்க்கில் உள்ளதும் எட்டாயிரம். இப்போது விடுமுறை, மாணவர் இல்லை. அவர்களுடைய 3500-ஐ எடுத்து, இந்தத் தாள்களைப் பொருத்தும் நிவாரணக் குழுவுக்குக் கொடுத்தேன். ஒரு பிளாக்கும் கூடவில்லை. பிறகு ஏன் விழுந்தது?

காங்கேசன்துறை லூர்த்தம்மா என்று ஒருவர் ஒவ்வொரு நாளும் நடந்து சுன்னாகம் வருகிறார். எங்கள் நிலையத்துச் சைக்கிள் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். ஷெல் அடித்த அன்று சந்தைக்கு வந்திருந்தாராம். திரும்பிப் போனால் வீட்டில் மகள் இல்லை. மகள் அற்புதராணி எட்டு மாதக் கர்ப்பிணி. லூர்த்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "பேர் வந்திட்டுதோ பிள்ளை?" என்று ஒரே கேள்விதான். நேற்று என்ன சொல்வது என்று தெரியாமல், "மெஷினுக்குச் சுகமில்லை அம்மா" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

உடனே பதில் போடுங்கள். கிணற்றின் யூலை மாதத் தாள்கள் அடுத்த கடிதத்தோடு வரும்.

தங்கை
பத்மாசினி

----

ஸ்கொட்லாந்து
20 ஓகஸ்ட் 1986

பத்மா,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் கோபம்தான் வந்தது.

நான் போட்ட தடுப்பு பிழைக்காது. பதினொரு மாதம், மெஷினையே ஆளும் அந்தக் கேர்னல் நிரலோடு மல்லுக்கட்டி எழுதியது அது. ஒரு குழுவின் வேலைகள் எல்லாம் சேர்ந்து தங்கள் பங்கைத் தாண்டப் பார்த்தால் அந்தக் குழுவின் வேலை மட்டும் நிற்கும், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. பரீட்சைப் பகுதிக்காரர் ஒரு வேலையைப் போட்டுவிட்டு முழு மெஷினையும் விழுங்கிய காலம் உனக்கு நினைவிருக்கும். அதை ஒழித்தவன் நான்.

ஆகவே மெஷின் முழுதாக விழுந்தது என்றால் காரணம் ஒன்றுதான். பங்குகளின் கூட்டுத்தொகை எட்டாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. யாரோ வந்து பல்லைக் காட்டியிருக்கிறார்கள், நீ கூட்டிக் கொடுத்திருக்கிறாய். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் வராது. இப்போது என்னிடம் வந்து 'ஏன் விழுந்தது' என்று கேட்கிறாய். கண்ணாடியைப் பார்த்துக் கேள்.

இங்கே என் நிலைமையையும் கொஞ்சம் கேள். வெளிநாட்டிலிருந்து வந்த முதலாம் ஆண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு முந்நூறு பிளாக். முந்நூறில் ஒரு தோட்டக் கிணற்றைக்கூடக் கணிக்க முடியாது, நான் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதற்கும் கணிக்க வந்திருக்கிறேன். இங்கத்தை மெஷின் பொறுப்பாளன் சுவரில் உள்ள அட்டவணையைக் காட்டுகிறான். சிலருக்கு அந்த அட்டவணையே கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும், கேட்டால் சிரிக்கிறான். ஆளுக்கொரு நீதி.

அதனால்தான் சொல்கிறேன், அங்கே ஓடும் கிணறுதான் என் ஒரே நம்பிக்கை. ஒக்ரோபர் கடைசியில் முடிந்துவிடும். எப்போதும் போல, காலையில் மெஷினை ஏற்றியதும் முதலில் அதைத் தொடங்கு. மற்றதெல்லாம் பிறகு.

அண்ணை
இராசநாயகம்

----

அளவெட்டி
22 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணை,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. பதினாறாம் திகதியும் விழுந்தது, நேற்றும் விழுந்தது. மூன்று தரம்.

துண்டு துண்டாகப் பிரித்தும் போட்டுப் பார்த்தேன். தேடுபவர் ஒரு துண்டிலும் தேடப்படுபவர் வேறு துண்டிலும் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு பொருத்தமும் வரவில்லை. முழுவதையும் ஒன்றாகப் போட்டால்தான் வேலை நடக்கும்.

நேற்றுப் பரீட்சைப் பகுதியையும் விரிவுரையாளரையும் முழு நாளும் வெளியே நிறுத்தி வைத்தேன். என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார்கள். அப்போது ஓடியது நிவாரணம், ஒப்பரேற்றர், கிணறு மட்டும். அட்டவணைப்படி மூன்றும் சேர்ந்தால் 4500. யார் எவ்வளவு இடம் பிடிக்கிறார் என்று காட்ட நீங்கள் எழுதித் தந்த கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான் காட்டியது. கிட்டத்தட்டப் பாதி இடம் சும்மா கிடக்கும்போது இடம் இல்லை என்று விழுகிறது! எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

தில்லைநாதன் சேர் சொன்னார்: "ஒருக்கால் அண்ணையின்ரை வேலையை நிப்பாட்டிப் போட்டு ஓட்டிப் பாப்பமோ?" நான் விடவில்லை. "அது வெறும் ஐந்நூறு சேர், அதாலை ஒண்டும் வராது" என்றேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

அண்ணை, இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. நான் எங்கே பிழைவிட்டேன் என்று சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

யூலைத் தாள்கள் இதோடு இருக்கின்றன.

பத்மாசினி

----

சுன்னாகம்
2 செப்ரெம்பர் 1986

அண்ணை,

உங்கள் இருபதாம் திகதிக் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. யாரோ பல்லைக் காட்டினார்கள், நான் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நேரே நிலையத்துக்குப் போய், நான் குற்றவாளி இல்லை என்று காட்டுவதற்காக, உங்கள் கேர்னல் நிரல் முழுவதையும் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.

முப்பத்தோராம் பக்கம், அண்ணை.

குழு ஒன்பது என்றால் பங்கைப் பார்க்காமல் விடு. இதுதான் அந்த வரி. பக்கத்தில் உங்கள் குறிப்பு: 'எங்கடை. தொடவேண்டாம்.'

யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையையும் பார்த்தேன். ஒன்பதாம் குழுவை அது எண்ணுவதே இல்லை. சும்மா 500 என்று எழுதிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த ஐந்நூறை நான் கண்ணால் பார்த்து நம்பினேன்.

நேற்றுக் காலை நானே ஒரு சின்னப் புறோகிராம் எழுதி அளந்தேன். உங்கள் கிணறு பிடித்திருந்தது 4260 பிளாக். நாளுக்கு நாள் தண்ணீர்க் கணக்குக் கூடக் கூட அதுவும் ஊதிக்கொண்டே வந்திருக்கிறது. நீங்கள் இங்கே இருந்தபோது சின்னதாக இருந்திருக்கும், அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக அதைத் தொடங்கி, பாதி மெஷினை அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒன்பதாயிரத்து நானூறு தாள்களிலுள்ள சனத்தை அடைக்கப் பார்த்தவள் நான். சேர் நிறுத்துவோமா என்று கேட்டபோது குறுக்கே நின்றவளும் நான். ஏன்? அட்டவணை அண்ணையின் கையெழுத்தில் இருந்தது. அதைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

நேற்று ஒன்பது மணிக்குக் கிணற்றை நிறுத்தினேன். அதுவரை ஓடியது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். நிவாரணம் ஐந்தரை மணித்தியாலத்தில் முடிந்தது. பிரின்டர் நேற்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது, இந்தக் கடிதத்தை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

அற்புதராணியின் பெயர் வந்திருக்கிறது. புத்தூரில் ஒரு பள்ளிக்கூடம். லூர்த்தம்மாவுக்குச் சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு நானே போகிறேன்.

கண்ணாடியைப் பார்க்கச் சொன்னீர்கள். முப்பத்தோராம் பக்கத்தின் பிரதி இதோடு இருக்கிறது. நீங்கள் பாருங்கள்.

பத்மாசினி

----

ஸ்கொட்லாந்து
4 செப்ரெம்பர் 1986

அன்புள்ள பத்மா,

உன் இருபத்திரண்டாம் திகதிக் கடிதம் கிடைத்தது. முந்திய கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, நித்திரையும் சரியில்லை. மனதில் வைக்காதே.

மெஷின் விழுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். டிஸ்க் பழசு. கரண்ட் ஏறி இறங்குவதும் ஒரு காரணம். தூரத்தில் இருந்து சொல்வது கடினம்.

ஒரு சின்ன மாற்றம் செய்து பார். பெரிய விஷயம் இல்லை. காலையில் கிணற்றை முதலில் தொடங்காமல், நிவாரண வேலை முடிந்த பிறகு கடைசியாகத் தொடங்கு. சில நேரம் வரிசை மாறினால் சரிவரும். ஏன் என்று விளக்க இந்தத் தாள் போதாது.

சேருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நிரலை யாரும் திறந்து கிளறவும் வேண்டாம், தெரியாமல் கை வைத்தால் எல்லாம் குழம்பிவிடும்.

ஓகஸ்ட் தாள்களை உடனே அனுப்பு. என் பேராசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணை

----

அளவெட்டி
16 செப்ரெம்பர் 1986

அண்ணைக்கு,

நாலாம் திகதிக் கடிதம் வந்தது. கிணற்றைக் கடைசியாகத் தொடங்கட்டாம். ஏன் என்று எழுதத் தாள் போதாதாம்! இரண்டு சொல் போதும், அண்ணை. 'பிழை என்னுடையது.' இதற்குத் தாள் போதாதா?

அதை எழுதும்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். நான் எழுதிய 4500 கணக்கைப் பார்த்த உடனே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு டிஸ்க் பழசு, கரண்ட் சரியில்லை என்று எனக்கே கதை விடுகிறீர்கள். முதல் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இது வந்தபோது அருவருப்பாக இருந்தது.

இப்போது புத்தூரைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்றாம் திகதி காலை லூர்த்தம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடதாசிச் சரைக்குள் பனங்கற்கண்டு வைத்திருந்தார், மகளுக்கு. பள்ளிக்கூட வாசலில் காவலாளி இளையதம்பி தண்ணீர் ஊற்றி நிலம் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பாய்கூட இல்லை. "பள்ளிக்கூடம் துடங்கப் போகுதெண்டு போன வியாழக்கிழமையே எல்லாரையும் எழுப்பிப் போட்டினம். அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பிள்ளையோ? இருந்தது, ஒரு மாதத்துக்கு மேலை இஞ்சைதான் இருந்தது. தாயைப் பாத்தனியளோ எண்டு போறவாறவை எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தது. லொறியிலை மன்னாருக்குப் போய், அங்கையிருந்து வள்ளத்திலை இந்தியாவுக்குப் போகப் போறம் எண்டவை" என்றார்.

வியாழக்கிழமை என்றால் ஓகஸ்ட் இருபத்தெட்டு. எங்கள் முதல் ஓட்டம் ஒன்பதாம் திகதி. அன்று மெஷின் விழாமல் இருந்திருந்தால் பத்தொன்பது நாள் இருந்தது. சுன்னாகத்திலிருந்து புத்தூர் எத்தனை மைல்? அந்த மனிசி நடந்தே போயிருப்பார்.

லூர்த்தம்மா அழவில்லை. கழுவின ஈர நிலத்தில் குந்தி இருந்துவிட்டார். "எந்த இடத்திலை படுத்தவள்?" என்று இளையதம்பியைக் கேட்டார். அவர் ஒரு மூலையைக் காட்டினார். நான் வெளியே போய் மதிலோடு நின்று அழுதேன். உங்கள்மேலுள்ள கோபமும் என்மேலுள்ள கோபமும் எது எதுவென்று பிரிக்க முடியவில்லை.

பட்டியலால் இருநூற்றுப் பதினேழு குடும்பங்கள் சேர்ந்தன. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் நேரத்துக்கு வந்திருந்தால் எத்தனை என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஓகஸ்ட் தாள்கள் அனுப்ப மாட்டேன்.

பத்மாசினி

----

ஸ்கொட்லாந்து
29 செப்ரெம்பர் 1986

பத்மா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முப்பத்தோராம் பக்கமும் கிடைத்தது.

பிழை என்னுடையது. எழுதிவிட்டேன். இதற்குமேல் எழுதுவதை நொண்டிச் சாட்டு என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள்.

கிணறு என் சொந்தச் சொத்து இல்லை. நிலத்துக்குக் கீழே கடல் நீர் ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் முப்பது வருடத்தில் எந்தெந்த ஊரில் கிணறு உப்பாகும் என்று யாராவது கணித்துச் சொல்ல வேண்டும். ஐயாவின் புகையிலைத் தோட்டமும் அதில் ஒன்று. கிணறெல்லாம் உப்பான பிறகு யாருடைய பட்டியலை எந்தச் சுவரில் ஒட்டுவாய்? இப்படித்தான் அன்று நினைத்தேன். பங்கு பிரிக்கும் கூட்டத்தில் எனக்கு ஐந்நூறுதான் தந்தார்கள். வாதாடி இரண்டாயிரம் கேட்டிருக்கலாம். தில்லைநாதன் சேருக்கு முன் கை நீட்ட மனம் வரவில்லை. நிரலை எழுதுகிறவன் நான்தானே, ஒரு வரி போதும் என்று பட்டது. எழுதினேன். பிறகு கட்டளையிலும் மறைத்தேன். பிறகு நானே மறந்துபோனேன், அல்லது மறந்ததுபோல் இருந்தேன். உன் 4500 கணக்கை வாசித்த அன்றிலிருந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கேவலமான கடிதத்தை எழுதினேன்.

எனக்கு முந்நூறு என்று இங்கே கத்துகிறேன். அட்டவணையில் இல்லாதவர்களைப் பற்றிப் பொருமுகிறேன். நானும் அவர்களில் ஒருவன் என்று தெரிந்துகொண்டே.

மண்டபம் அகதி முகாமுக்கும், இராமேஸ்வரத்துப் பாதிரியார் ஒருவருக்கும் அற்புதராணியின் பெயர், ஊர், வயது, கர்ப்பம் எல்லாம் எழுதிக் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை ஒவ்வொரு கிழமையும் போடுவேன். லூர்த்தம்மாவுக்கும் ஒரு கடிதம் இதோடு இருக்கிறது. வாசித்துக் காட்டு. வாசிக்க மனமில்லாவிட்டால் கிழித்துவிடு.

இராசநாயகம்

----

அளவெட்டி
14 ஒக்ரோபர் 1986

அண்ணை,

அந்த வரியை எடுத்துவிட்டேன். கேர்னலைத் திரும்பக் கட்டி ஏற்றி ஒரு கிழமை ஆகிறது, ஒன்றும் குழம்பவில்லை. சேருக்கு எல்லாம் சொன்னேன். "கேட்டிருந்தால் குடுத்திருப்பமே. கிணறு எங்கடையுந்தானே" என்றார். அதைக் கேட்டு எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் வந்தது.

மாணவர் திரும்பிவிட்டார்கள். புது அட்டவணையை என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நிவாரணம் நிரந்தரமாக 1500. கிணறு 500, இந்த முறை உண்மையாகவே ஐந்நூறு. அதற்குள் அது ஓடாது என்று தெரியும். கூடுதலாக வேண்டுமானால் மற்றவர்களைப் போல விண்ணப்பம் எழுதுங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். எதிர்த்து ஒன்றும் பேச மாட்டேன். உங்களுக்காகவும் பேச மாட்டேன். ஓகஸ்ட் தாள்களை இதோடு அனுப்புகிறேன். ஐயாவின் தோட்டத்துக்காக.

உங்கள் கடிதத்தை லூர்த்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது அவர் சுன்னாகத்தில் தெரிந்தவர் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் இருக்கிறார். முழுவதையும் கேட்டார். ஸ்வாப், பிளாக் எல்லாம் அவருக்கு விளங்கியதோ தெரியாது. நீங்கள் உங்களுக்கென்று கூடுதலாக எடுத்து, அதை ஒளித்து வைத்தது விளங்கியது.

"இண்டைக்கு என்ன திகதி பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "அப்ப பிறந்திருக்கும்" என்றார்.

பிறகு, "முகாமிலையிருந்து மறுமொழி வந்தால் எனக்கு உடனை சொல்லு. வராட்டிலும், வரேல்லையெண்டு வந்து சொல்லு" என்றார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்ச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே நீங்களும் ஒவ்வொரு கிழமையும் எனக்கு எழுத வேண்டும், ஒன்றும் வராத கிழமையிலும்.

எழும்பும்போது, "அண்ணைக்கு ஏதும் எழுதட்டோ அம்மா?" என்று கேட்டேன்.

"எழுது. கடிதம் கிடைச்சுது எண்டு எழுது. முகாமுக்கு எழுதினது நல்லது எண்டும் எழுது" என்றார். நான் படலையடிக்குப் போன பிறகு பின்னால் கூப்பிட்டார். "எனக்குக் கோவமில்லையெண்டு மட்டும் எழுதிப்போடாதை, பிள்ளை."

எழுதவில்லை.

பத்மாசினி